சோதனையில் ஜெயித்த கணினியும், அதை அணைத்தவர் மீதான நடவடிக்கையும்

அனுப்புநர்:
முதுநிலைச் சோதனைப் பொறியாளர்,
கணினிச் சோதனைப் பிரிவு,
நிர்வாகக் கட்டடம், இரண்டாம் தளம்,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு விசாரணை அதிகாரி அவர்கள்,
பணியாளர் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு,
அதே கட்டடம், நான்காம் தளம்.

பொருள்: இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முதன்மைக் கணினியை அனுமதியின்றி அணைத்ததாகக் கணினி அறைப் பொறுப்பாளர் மீது எடுக்கப்பட்டுள்ள நடவடிக்கையைக் கைவிடவும், மேற்படி கணினியைத் தேர்வு செய்த முதுநிலைச் சோதனைப் பொறியாளர் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் முன்னிலையில் சென்ற வாரம் நடந்த விசாரணையும், அதில் நான் அளித்த வாக்குமூலமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இந்த மனுவை அனுப்புகிறவரும் இதில் குற்றம் சாட்டப்படுகிறவரும் ஒரே ஆள். தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் தங்கள் அலுவலகத்தார் இதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தங்கள் தபால் பிரிவில் இருப்பவர் மிகக் கவனமானவர். லிஃப்ட் தாமதமாக வருவது குறித்து நான் கொடுத்த புகாரை, இணைப்பில் கையொப்பம் இல்லை என்று இரண்டு முறை திருப்பினார். இந்த முறை எல்லாப் பக்கத்திலும் கையொப்பம் போட்டிருக்கிறேன்.

2. என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவமனைக்கு வாங்கும் ஒவ்வொரு கணினியும் முதலில் என் மேஜைக்கு வரும். வேகம் பார்த்து, சூடு பார்த்து, தகுதியானது என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் வாங்குவார்கள். அலுவலகத்தில் எனக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். தெரியும். உள்ளூர அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. பால் பொங்குவதற்கும் நேரம் பார்க்கிற மனுஷன் என்று என் மனைவி தன் வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பது வழக்கம். இப்போது சிரிப்பதில்லை.

3. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் கணினி அறைப் பொறுப்பாளர் என் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே அவர் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். தன் அக்காவை எனக்கு அறிமுகம் செய்து வைத்ததே அவர்தான். சொந்தக்காரருக்காகப் பரிந்து பேசுகிறான் என்று இந்த மனுவைத் தாங்கள் ஒதுக்கிவிடக்கூடும். பரிந்து பேச வேண்டிய இடத்தில் நான் பேசவில்லை என்பதுதான் ஐயா என் புகார்.

4. பழைய முதன்மைக் கணினி தேய்ந்துபோனதால் புதியது வாங்க முடிவானது. இரத்தம் எடுக்கும் முகப்புகள், வார்டுகள், வெளிநோயாளர் பிரிவு ஆகிய எல்லா இடத்திலிருந்தும் வரும் பரிசோதனை முடிவுகள் இந்த ஒரே கணினியில்தான் வந்து சேர வேண்டும், இதிலிருந்துதான் மருத்துவர்களுக்குப் போக வேண்டும். இப்படிப் பல பேருக்கு ஒரே நேரத்தில் வேலை செய்வதற்கென்றே தனியாகத் தயாரிக்கப்படுவதுதான் சர்வர். அதை விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், வெயிலிலும் டை கட்டியவர், மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். நான் என் கருவிகளை எடுத்ததும் சிரித்தார். "சார், இது சர்வர் சார். இதுக்குப் போய் டெஸ்ட்டா?" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

5. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். அந்தச் சிரிப்புக்காகவே, ஒப்பீட்டுக்கு ஒரு மேஜைக் கணினியையும் பட்டியலில் சேர்த்தேன். ஒரு ஆள் தன் மேஜையில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாரே, அந்த வகை. விலையில் பாதிகூட வராது. அளவில் ஒரு சின்னப் பெட்டி. எங்கள் பிரிவில் அதற்குக் 'குட்டி' என்றும் சர்வருக்குத் 'தடியன்' என்றும் பெயர் வைத்தோம். பெயர் வைத்தபோதே நான் யார் பக்கம் என்பது முடிவாகிவிட்டது. சோதனை செய்கிறவன் பக்கம் எடுக்கக் கூடாது என்று புதிதாக வருபவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பவன் நான்.

6. எங்கள் பிரிவில் எல்லாக் கணினிக்கும் ஒரே சோதனைதான். பெரிய கோப்பு ஒன்றைக் கொடுப்போம். அதைச் சுருக்கி, மறுபடி விரித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்போம். மேஜைக் கணினிகள் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் யாரோ ஆரம்பித்து வைத்தது. நானும் கேள்வி கேட்காமல் தொடர்ந்தேன். அந்தச் சோதனையில் குட்டி ஜெயித்தது. கொஞ்ச நஞ்சமல்ல, பார்த்தவர்கள் கை தட்டும் அளவுக்கு ஜெயித்தது. டை கட்டியவரைக் கூப்பிட்டு அவர் கண்ணெதிரே இன்னொரு முறை ஓட்டிக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். சர்வரைவிட இது வேகமானது, மலிவானது, இதையே வாங்கலாம் என்று அறிக்கை கொடுத்தேன். வாங்கினார்கள்.

7. என் அறிக்கையில் ஓர் எண்கூடப் பொய் இல்லை. அதனால்தான் இந்த மனுவை எழுதுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. பொய் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்வது சுலபம். உண்மையான எண்ணை வைத்துக்கொண்டு தப்பான கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தச் சோதனையின் எண்களையும், பிறகு நான் செய்த இன்னொரு சோதனையின் எண்களையும் இணைப்பில் வைத்திருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். எழுத ஆரம்பித்தால் மறுபடியும் அவற்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

8. தாங்கள் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதால் சுருக்கமாக விளக்குகிறேன். ஒரு முடி திருத்தும் கடையில் கை வேகமான சிலர் இருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் நிதானமாக வெட்டும் ஆட்கள் வரிசையாக நிறையப் பேர் நிற்கிறார்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரே ஒரு தலையை அனுப்பி, எது முதலில் திரும்பி வருகிறது என்று நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அனுப்பிப் பார்க்கவில்லை. பிராசஸர் என்று நாங்கள் சொல்லும் கணினியின் மூளைக்குள் 'கோர்' என்று தனித்தனி வேலையாட்கள் உண்டு. மேஜைக் கணினியின் பிராசஸரில் அவர்கள் குறைவு, ஆனால் ஒவ்வொருவரும் வேகம். சர்வர் பிராசஸரில் அவர்கள் நிறைய, ஒவ்வொருவரும் கொஞ்சம் நிதானம். என் சோதனையில் வேலை செய்தது இரண்டிலும் ஒரே ஓர் ஆள். தடியனின் மற்ற ஆட்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றதை நான் தோல்வி என்று எழுதிவிட்டேன்.

9. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேஜைக் கணினியின் பிராசஸர் முதல் சில நிமிடங்களுக்குத் தம் பிடித்து ஓடும். சூடு ஏறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் சோதனை அந்தச் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். என் அறையில் ஏசி இருக்கிறது. நான் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். குட்டியைக் கொண்டுபோய் வைத்த அறையோ முன்பு சாமான் அறையாக இருந்தது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்குப் பக்கத்தில்தான் பொறுப்பாளரின் நாற்காலி. நிறுவிய அன்று போய்ப் பார்த்தேன். "மாமா, இங்க எனக்கே மூச்சு முட்டுது, இதுக்கு முட்டாதா?" என்று கேட்டார். "மெஷினுக்கு எங்கம்மா மூச்சு?" என்று சொல்லிச் சிரித்தேன். டை கட்டியவர் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு என்று இப்போது தோன்றுகிறது.

10. சம்பவ நாள் தங்களுக்குத் தெரியும். தொடர் விடுமுறைக்கு அடுத்த வேலை நாள். எல்லா முகப்பையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். காலை பாதி கடக்கும் முன்பே கணினி திணற ஆரம்பித்து, பிறகு திரை அப்படியே நின்றுவிட்டது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அசையவில்லை. பொறுப்பாளர் அதை அணைத்து மறுபடி இயக்கினார். அதுவரை வந்து சேர்ந்து, இன்னும் நிரந்தரமாக வட்டில் பதியாமல், அணைத்தால் அழிந்துவிடும் நினைவகத்தில் நின்றுகொண்டிருந்த முடிவுகள் போய்விட்டன. நோயாளிகள் மறுபடி வந்து கையை நீட்ட வேண்டியதாயிற்று. ஒரு பெண்மணி அறுவை சிகிச்சைக்காக முந்தைய நாளிலிருந்து பட்டினியாக இருந்திருக்கிறார். முடிவு இல்லாததால் அன்று சிகிச்சை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவருடைய கணவர் நடைபாதையில் நின்று கேட்ட கேள்விகளை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து, ஊரே பார்த்தது. அவர் கேட்டதில் ஒன்றுகூட நியாயமில்லாதது இல்லை. அந்தப் பெண்மணிக்குப் பிறகு நல்லபடியாகச் சிகிச்சை முடிந்தது. வார்டு வாசல் வரை ஒரு நாள் போனேன். உள்ளே போய் யார் என்று என்னைச் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

11. விசாரணையில் என்னைத் தொழில்நுட்பச் சாட்சியாக அழைத்தார்கள். கணினியில் குறை இருந்ததா என்று தாங்கள் கேட்டீர்கள். என் அறிக்கையைக் காட்டி, "எந்தக் குறையும் இல்லை, சோதனையில் முதலிடம் பெற்ற கணினி, இயக்கியவரின் கவனக்குறைவாகத்தான் இருக்க முடியும்" என்று சொன்னேன். தெளிவாகவே சொன்னேன், குரல்கூடத் தடுமாறவில்லை. பிறகு தாங்கள் பொறுப்பாளரைக் கேட்டீர்கள். முதன்மைக் கணினியை அணைப்பதற்கு முன் சோதனைப் பிரிவின் முதுநிலைப் பொறியாளரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி, அனுமதி வாங்கினீர்களா என்று. அவர் மேஜையைப் பார்த்தபடி "இல்ல சார்" என்றார். தாங்கள் விடவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, யோசித்துச் சொல்லும்மா என்று இன்னொரு முறை கேட்டீர்கள். மறுபடியும் "இல்ல சார்" என்றார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

12. அன்று மாலை வீட்டில் என் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வழக்கமாக அவர் சத்தம் போடுவார், நானும் போடுவேன், அத்தோடு முடிந்துவிடும். அன்று சத்தமே இல்லை. "உங்க மெஷினுக்கு நீங்க நல்லா சாட்சி சொன்னீங்களாம். கேள்விப்பட்டேன். அவளுக்கு யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டார். சாப்பிடாமலே தட்டைத் தள்ளி வைத்தேன். பொறுப்பாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் நிரந்தரப் பணிநீக்கம் இல்லை, பதவியைக் குறைத்துக் கோப்புக் கிடங்குக்கு மாற்றுவார்கள், இனி எந்தக் கணினி அறையிலும் வேலை தர மாட்டார்கள் என்று தங்கள் அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருப்பதாகவும், அவர் எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டதாகவும் என் மனைவிதான் சொன்னார். என் சகலை எந்த வேலையிலும் நிலையாக நிற்பவர் அல்ல. அந்த வீடு நடப்பது பொறுப்பாளரின் சம்பளத்தில்தான். அதற்காகத்தான் சம்மதித்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

13. தடியன் இன்னும் என் அறை மூலையில்தான் இருந்தது. டை கட்டியவர் கோபத்தில் திருப்பி எடுத்துக்கொண்டு போகவே இல்லை. அதே வகைக் குட்டி ஒன்றும் எங்களிடம் உதிரியாக இருந்தது. இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன். ஏசியை நிறுத்தினேன். ஜன்னலை மூடினேன். பரிசோதனைக் கூடத்தின் சம்பவ நாள் கூட்டத்தை அப்படியே கணினியில் உண்டாக்கினேன். எத்தனை முகப்பு இருக்கிறதோ அத்தனையும், எல்லா வார்டும், ஒரே நேரத்தில் கேட்கும்படி. இதற்கு முன் அப்படி ஒரு சோதனையை நான் செய்ததே இல்லை. செய்யத் தெரியாது என்பதல்ல காரணம். ஜெயித்த பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

14. ஆரம்பத்தில் குட்டிதான் முந்தியது. என்னையறியாமல் ஒரு சந்தோஷம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. பிறகு அதன் விசிறி கத்த ஆரம்பித்தது. வேகம் குறைந்தது. வேலைகள் வாசலில் வரிசை கட்டின. நினைவகம் நிரம்பியது. தடியனின் நினைவகமோ அதைப்போல் பல மடங்கு. அது ஆரம்பத்தில் எப்படிப் போனதோ அப்படியே, கூட்டம் வந்ததே தெரியாததுபோல, வந்த முடிவுகளை எல்லாம் வாங்கி எழுதிக்கொண்டே இருந்தது. அதற்காகத் தடியன்தான் எல்லாவற்றிலும் மேல் என்று இப்போது எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். ஓர் ஆள், ஒரு மேஜை, ஒரு வேலை என்றால் இன்றைக்கும் குட்டியைத்தான் சிபாரிசு செய்வேன். அதன் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஒரு மருத்துவமனையையே தூக்கி அதன் தலையில் வைத்தவன் நான்.

15. கடைசியில் குட்டியின் திரை நின்றுவிட்டது. நான் விசைப்பலகையைத் தட்டினேன். அசையவில்லை. மறுபடி தட்டினேன். அடுத்து என்ன நடந்தது என்பதைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். எனக்கு அங்கே அவசரம் எதுவும் இல்லை. வெளியே யாரும் கத்தவில்லை. எந்த நோயாளியும் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. வேர்வை மட்டும்தான். அப்படியிருந்தும் என் விரல் நேராக அந்தப் பொத்தானுக்குப் போய் அதை அழுத்திவிட்டது. அணைந்தது. அணைந்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பதே எனக்கு உறைத்தது. பொறுப்பாளரைத் தாங்கள் எதற்காக விசாரித்தீர்களோ அந்தக் காரியத்தை நான் யோசிக்காமல் செய்தேன். அவர் யோசிக்காமல் செய்யவில்லை ஐயா. அவர் கேட்டுவிட்டுத்தான் செய்தார்.

16. இதை முதல் பத்தியிலேயே எழுதியிருக்க வேண்டும். முடி திருத்தும் கடை, விசிறி, டை என்று சுற்றி வளைத்து இங்கே வந்திருப்பதற்கு மன்னிக்க வேண்டும். சம்பவத்தன்று காலை பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். சோதனைப் பிரிவின் தொலைபேசிக்குக் கூப்பிட்டிருந்தால் பதிவாகியிருக்கும். அவர் உறவுமுறையில், என் சொந்தக் கைப்பேசிக்குக் கூப்பிட்டார். நான் அப்போது லிஃப்டுக்கு முன்னால் நின்று, அது கீழிருந்து இரண்டாம் தளத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்தியில் சொன்ன அந்தப் புகாருக்காகத்தான். கைப்பேசி மணியில் என் கணக்குத் தவறிவிட்டது. எரிச்சலோடு எடுத்தேன்.

17. பேசியதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன். அவர், "மாமா, ஸ்க்ரீன் அப்படியே நிக்குது. எதத் தட்டினாலும் அசையல. கவுண்ட்டர்ல எல்லாரும் சத்தம் போடறாங்க" என்றார். நான், "அது டெஸ்ட்ல ஜெயிச்ச மெஷின்மா, அதெல்லாம் நிக்காது. நீதான் எதையாவது நோண்டியிருப்ப. ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு" என்றேன். அவர் உடனே செய்துவிடவில்லை. "பண்ணலாமா மாமா? காலையில வந்த ரிசல்ட்டெல்லாம் உள்ள இருக்கே" என்று கேட்டார். நான் சொன்னது இது: "சொல்றேன்ல, பண்ணு." சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன். லிஃப்ட் வந்துவிட்டிருந்தது. மறுபடி கீழே அனுப்பி முதலிலிருந்து நேரம் பார்த்தேன்.

18. விதி கேட்கும் அனுமதியைக் கொடுக்க வேண்டியவன் நான். கேட்கப்பட்டேன். கொடுத்தேன். பிறகு தங்கள் முன்னால், ஒரு பெண் இரண்டு முறை "இல்ல சார்" என்று சொன்னபோது, என் கோப்பின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது ஐயா. வேலை போய்விடும் என்ற பயம்கூட இரண்டாவதுதான். ஸ்டாப்வாட்ச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இந்தக் கட்டடத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது போய்விடுமே என்றுதான் முதலில் பயந்தேன்.

19. இரண்டாவது சோதனை முடிந்த மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவிடம் வாங்கிப்போன குடையைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னார். என் மனைவி உள்ளே இருந்தபோது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் மெதுவாகப் பேசினார். "மூஞ்சிய இப்படி வச்சுக்காதீங்க மாமா, அக்கா கண்டுபிடிச்சிடுவா. நான் அடிவாங்கினாலும் கிடங்குல ஒரு வேலையாவது மிஞ்சும். நீங்க மாட்டினா உங்கள வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. ரெண்டு வீடும் சேர்ந்து முழுகணுமா?" என்றார். கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். நான் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "சொன்னா நான் இல்லேன்னுதான் சொல்வேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த வாசலில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நான் நேரம் பார்க்கவில்லை.

20. அன்றே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பதை அரசாங்கத்துக்கு அனுப்பும் மனுவில் எழுத முடியாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "இத எழுதிக் குடுங்க. குடுத்துட்டு வந்து சாப்பிடுங்க" என்றார்.

21. ஆகவே ஐயா, என் கோரிக்கைகள். பொறுப்பாளர் மீதான நடவடிக்கையை முழுமையாகக் கைவிட்டு, அவரைப் பழைய பதவியிலேயே அமர்த்த வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு அவர் வருகிற திங்கட்கிழமை தங்களிடம் கொடுக்கவிருக்கும் கடிதத்தை வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். அது முழுக்க முழுக்க எனக்காக எழுதப்பட்டது. என் மீது, தவறான சோதனை நடத்தியதற்கும், அனுமதி கொடுத்ததை மறைத்ததற்கும், தங்கள் முன்னிலையில் பொய்ச் சாட்சி சொன்னதற்கும் முறைப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். இவற்றில் கடைசி இரண்டுதான் பெரியவை. முதலாவதற்கு அறியாமை என்று ஏதாவது சமாதானம் இருக்கலாம், மற்றவற்றுக்கு எதுவும் இல்லை.

22. இதெல்லாம் முடிவாவதற்குள் இன்னொரு காரியம் அவசரமாக நடக்க வேண்டும். குட்டி இன்னும் அந்தச் சாமான் அறையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பொறுப்பாளர் இடத்தில் தற்காலிகமாக வந்திருப்பவர் கூட்டம் அதிகமானால் அதன் மேல் காகித அட்டையால் விசிறுகிறார். நேற்று நானே பார்த்தேன். மூலையில் கிடக்கும் தடியனை, அந்த நிறுவனத்திடம் பேசி, உடனே பரிசோதனைக் கூடத்தில் வைக்க ஆணையிட வேண்டும். பேசும் வேலையை என்னிடமே கொடுங்கள். டை கட்டியவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்த அறையின் ஜன்னல் பலகையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அங்கே உட்காருகிற மனிதருக்கும் மூச்சு முட்டுகிறது.

23. திங்கட்கிழமை காலை தங்கள் அறைக்கு வெளியே உள்ள நாற்காலியில் நானும் உட்கார்ந்திருப்பேன். எங்கள் இருவரையும் ஒன்றாக அழைத்து விசாரிக்க வேண்டுகிறேன். என் கைப்பேசியின் அன்றைய அழைப்பு விவரத்தை இணைத்திருக்கிறேன். அழைப்பு வந்தது என்பதை அது காட்டும். என்ன பேசினோம் என்பதைக் காட்டாது. அதைத் தாங்கள் எங்கள் இருவரிடமும்தான் கேட்டாக வேண்டும். கேட்டால் நான் ஆம் என்பேன். அவர், முன்பு சொன்னதுபோலவே, மேஜையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்பார். எத்தனை முறை கேட்டாலும், எவ்வளவு தணிவாகக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார். என் வார்த்தையை நம்ப இனி யாருக்கும் காரணம் இல்லை என்பது தெரிந்தும் கேட்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அவரை நம்பாதீர்கள்.

தங்கள் முன்னால் ஒருமுறை பொய் சொன்ன,
முதுநிலைச் சோதனைப் பொறியாளர்
(கையொப்பம்)

இடம்: சோதனைப் பிரிவு, இரண்டாம் தளம்
நாள்: வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூடும் முன்

இணைப்புகள்:
1. முதல் சோதனை அறிக்கை. எண்கள் சரி, முடிவு தவறு.
2. இரண்டாம் சோதனையின் முடிவுகள், மேஜைக் கணினிக்கும் சர்வருக்கும் தனித்தனியாக.
3. சம்பவ நாளன்று என் கைப்பேசிக்கு வந்த அழைப்பின் விவரம்.
4. லிஃப்ட் குறித்த என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடிதம். கையொப்பத்துடன்.